பிறர் பெயரில் ஒரு வெற்றி

காலையில் பத்து மணிக்குக் காரியாலயத்துக்குள் நுழைந்து மாலை ஆறு மணிக்கு வெளியே வரும் ஒருவரை வாசலிலேயே நிறுத்தி, "இன்று நீங்கள் செய்த வேலையால் யாருக்கு என்ன நன்மை உண்டாயிற்று?" என்று கேட்டால், அவர் சிறிது நேரம் திகைத்துத்தான் நிற்பார். அவர் சோம்பேறி அல்லர்; எட்டு மணி நேரம் முதுகு நோக உழைத்தவர். கோப்புகள் அவருடைய மேஜைக்கு வந்து, குறிப்பெழுதப்பட்டு, அடுத்த மேஜைக்குப் போயிருக்கின்றன. கணக்குகள் கணினியில் ஏறியிருக்கின்றன. மேலதிகாரி கேட்ட விவரங்கள் கேட்ட நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்கின்றன. ஆனால், அந்தக் கோப்பின் முடிவில் யாரோ ஒரு மூதாட்டிக்கு ஓய்வூதியம் கிடைத்ததா, யாரோ ஒரு விவசாயிக்குக் கடன் கிடைத்ததா என்பது மட்டும் அவர் கண்ணில் படுவதேயில்லை. மேஜை உத்தியோகத்தின் பெருங்குறை உழைப்பின் மிகுதியோ சம்பளத்தின் போதாமையோ அல்ல, தம் உழைப்பின் பயனைத் தாமே காண முடியாமற் போவதுதான் என்பது என் அபிப்பிராயம்.

இதை வெறும் மனக்குறை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. லண்டன் மாநகரத்து அரசாங்கக் காரியாலயங்களில் வேலை பார்த்த, 35 முதல் 55 வயது வரையுள்ள 10,308 ஊழியர்களை, மைக்கேல் மார்மட் என்னும் மருத்துவப் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் 1985-ஆம் ஆண்டு தொடங்கிப் பல்லாண்டுகள் பரிசீலித்து வந்தார்கள். 'வைட்ஹால்' ஆராய்ச்சி என்று பிரசித்தி பெற்ற அந்தப் பரிசீலனையில், தம் வேலையை எப்படிச் செய்வது, எந்த வரிசையில் செய்வது என்று தாமே தீர்மானிக்கும் சுதந்திரம் குறைந்தவர்களுக்கு இருதய நோய் வரும் அபாயம் அதிகம் என்பது புலனாயிற்று. செய்கிற காரியம் தம்முடையது என்ற உணர்ச்சி இல்லாதபோது மனம் மட்டுமல்ல, சரீரமும் சேர்ந்தே வாடுகிறது என்பதைக் காட்டும் சாட்சியமாக இதைக் கொள்ளலாம்.

இந்த வாட்டத்துக்குப் பரிகாரம் தேடிச் சிலர் வேலையை உதறிவிட்டு ஊர் சுற்றப் புறப்படுகிறார்கள். சிலர் கிராமத்தில் நிலம் வாங்கி விவசாயத்தில் இறங்குகிறார்கள். அவ்வளவு ஆரவாரமில்லாத வேறொரு மார்க்கமும் உண்டு. தமக்குத் தெரிந்த ஒரு வித்தையை இன்னொருவருக்குச் சிரத்தையுடன் பயிற்றுவிப்பதும், வயதிலும் அனுபவத்திலும் இளையவர் ஒருவருக்குத் துணையாக நின்று வழிகாட்டுவதுமே அந்த மார்க்கம். இதில் ஈடுபட்டவர்கள் பெறும் ஆத்ம திருப்தி எத்தகையது, அது எங்கிருந்து பிறக்கிறது, அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை ஓரிரு வாழ்க்கைகளைக் கொண்டு ஆராய்ந்து பார்ப்பது பயனுள்ளது.

உத்தியோகத்தை விட்ட ஒருவர்

நம் நாட்டில் ஒரு விளையாட்டு வீரருக்குப் பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்துவிட்டால், அது அவருடைய குடும்பம் முழுவதும் நிம்மதிப் பெருமூச்சு விடும் தருணம். ரயில்வேயோ, வங்கியோ, எண்ணெய் நிறுவனமோ எதுவானாலும் சரி, மாதச் சம்பளம், மருத்துவ வசதி, பிற்காலத்துக்குச் சேமிப்பு என்று எல்லாமே அதில் அடக்கம். போட்டிகளுக்குப் போய்வர விடுப்பும் கிடைக்கும். அத்தகைய உத்தியோகத்தைப் பெறுவதே லட்சியமாகக் கொண்டு இளமையைச் செலவிடுகிறவர்கள் பலர் இருக்க, பெற்ற உத்தியோகத்தைத் தாமாகவே துறந்தவர் சென்னையைச் சேர்ந்த சதுரங்க கிராண்ட்மாஸ்டர் ஆர். பி. ரமேஷ்.

1976-இல் பிறந்த ரமேஷ் சாமானிய ஆட்டக்காரர் அல்லர். 2002-இல் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை வென்றார். 2003-இல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2007-இல் காமன்வெல்த் சாம்பியனும் ஆனார். இந்தியன் ஆயில் நிறுவனத்தில் அவருக்கு உத்தியோகம் இருந்தது. ஆயினும், தாம் ஆடி வென்ற பட்டங்களைவிடப் பிறரை ஆட்டுவித்துப் பெற்ற வெற்றிகளிலேயே அவர் மனம் லயித்தது போலும். 1999-இல் ஸ்பெயின் தேசத்தில் 18 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகப் பட்டத்தை வென்ற ஆர்த்தி ராமசாமிக்குப் பயிற்சியளித்தவர் அவர். பிற்காலத்தில் ஆர்த்தி அவருக்கு வாழ்க்கைத் துணைவியும் ஆனார். 2008-இல் இருவரும் சேர்ந்து சென்னையில் 'செஸ் குருகுல்' என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார்கள். ஆட்டக்காரராக இன்னும் பல ஆண்டுகள் போட்டிகளில் பங்கெடுத்திருக்கக்கூடிய முப்பத்திரண்டு வயதில் தொடங்கிய அந்தக் காரியத்துக்காகவே, தம் சொந்த ஆட்டத்தைப் பின்னுக்குத் தள்ளி, உத்தியோகத்தையும் விட்டு, ரமேஷ் முழுநேரப் பயிற்சியாளர் ஆனார்.

அதன் பலன் என்ன என்பதை உலகம் அறியும். அவரிடம் பயின்ற பிரக்ஞானந்தா 2018-இல் பன்னிரண்டு வயது பத்து மாதத்தில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2023-இல் பாகு நகரில் நடந்த உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை சென்று மாக்னஸ் கார்ல்சனை எதிர்கொண்டார். அவருடைய தமக்கை வைஷாலி அதே ஆண்டின் இறுதியில் கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்குரிய தகுதியை எட்டவே, உலகத்திலேயே கிராண்ட்மாஸ்டர்களான முதல் அக்காள்-தம்பி என்ற பெருமை இருவரையும் வந்தடைந்தது. 2022-இல் மாமல்லபுரத்தில் நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாடில், இளைஞர்களே பெரும்பாலும் நிறைந்திருந்த இந்தியாவின் இரண்டாம் அணி வெண்கலப் பதக்கம் பெற்றபோது, அந்த அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவரும் ரமேஷே. 2023-ஆம் ஆண்டுக்கான துரோணாச்சாரியார் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது விருதுகளை அல்ல. பாகுவில் ஆட்டம் நடந்த நாட்களில், நம் வீடுகளில் சதுரங்கப் பலகையில் எத்தனை கட்டங்கள் என்பதுகூடத் தெரியாத தாய்மார்கள் பிரக்ஞானந்தாவின் பெயரை வாய்நிறையச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பத்திரிகைகளின் முகப்பிலெல்லாம் அந்த இளைஞரின் நெற்றியும் திருநீறும் அச்சாயின. பயிற்சியாளரின் பெயரோ செய்தியின் கடைசிப் பத்தியில், அதுவும் இடமிருந்தால் மாத்திரமே வந்தது. வெற்றி தம் உழைப்பின் பயன் என்பது நிச்சயமாகத் தெரிந்திருந்தும், அது பிறர் பெயரில் பதிவாவதைப் பார்த்துப் பூரிக்கும் சுபாவம் எவருக்கு இருக்கிறதோ அவருக்குத்தான் இந்தத் தொழில் சம்பளம் கொடுக்கிறது. மற்றவர்களுக்கு இது ஏமாற்றத்தைத்தான் கொடுக்கும்.

சென்னைக்கு இந்த மரபு புதிதன்று என்பதையும் சொல்லவேண்டும். 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் பட்டத்தைப் பெற்றவரும், ஒன்பது முறை தேசிய சாம்பியனாக விளங்கியவருமான மானுவல் ஆரோன், தம் ஆட்டத்தோடு நின்றுவிடாமல், 1972-இல் அன்றைய சோவியத் கலாசார மையத்தில் தால் செஸ் கிளப்பை ஏற்படுத்தினார். வென்றவர் நாற்காலியில் இருக்க, தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம்கொடுக்கும் மின்னல்வேக ஆட்டங்கள் அங்கே மணிக்கணக்கில் நடந்தன. அந்த நாற்காலியை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் ஆடிப் பழகிய சிறுவர்களில் ஒருவர்தாம் விசுவநாதன் ஆனந்த். அந்த ஆனந்த் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனதும், ஐந்து முறை உலகச் சாம்பியன் பட்டம் சூடியதும், இன்று தாமே இளைஞர்களுக்கு வழிகாட்டியாக அமர்ந்திருப்பதும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகச் சாம்பியனான குகேஷின் பின்னாலும், சிறுவயது முதல் அவரை உருவாக்கிய விஷ்ணு பிரசன்னா என்னும் கிராண்ட்மாஸ்டர் நிற்கிறார்.

உத்தியோகத்தை வைத்துக்கொண்ட ஒருவர்

இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக் காலையில் ராஜிநாமாக் கடிதத்தை நீட்டிவிட வேண்டாம். உத்தியோகத்தில் இருந்துகொண்டே தம் வாழ்வின் முக்கியமான காரியத்தை வேறிடத்தில் நடத்திய பெரியவர்களும் உண்டு. பம்பாயில் பாரத ஸ்டேட் வங்கியில் வேலை பார்த்த ரமாகாந்த் ஆச்ரேக்கர் அத்தகையவர். 1932-இல் பிறந்த அவர், தம் ஆயுளில் ஆடிய முதல்தர கிரிக்கெட் ஆட்டம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் 1963-64-இல் மொயின்-உத்-தௌலா கோப்பையில் ஸ்டேட் வங்கி அணிக்காக ஆடியது. ஆட்டக்காரர் என்ற முறையில் சரித்திரம் அவரை மறந்திருக்கும். ஆனால் தாதரில் உள்ள சிவாஜி பார்க் மைதானத்தில் அவர் நடத்திய காமத் நினைவு கிரிக்கெட் கிளப்பிலிருந்து சச்சின் டெண்டுல்கர், வினோத் காம்ப்ளி, பிரவீண் ஆம்ரே, சந்திரகாந்த் பண்டிட், அஜித் அகர்கர் என்று இந்திய அணிக்கு வரிசையாக ஆட்டக்காரர்கள் கிளம்பினார்கள்.

சச்சினை முதன்முதலாக அவரிடம் அழைத்துச் சென்றவர் சச்சினுடைய தமையனார் அஜித். புதிய இடம், அறிமுகமில்லாத ஆசிரியர், சுற்றிலும் தன்னைவிடப் பெரிய பையன்கள். சிறுவனுக்கு மட்டை சரியாக ஓடவில்லை. ஆச்ரேக்கருக்கும் திருப்தி உண்டாகவில்லை. தம்பி பயந்திருக்கிறான், நீங்கள் அவன் கண்ணில் படாமல் சற்று ஒதுங்கி நின்று பாருங்கள் என்று தமையனார் வேண்டிக்கொண்டார். ஆசிரியர் போய்விட்டார் என்று நம்பிய சிறுவன் இயல்பாக ஆடத் தொடங்கினான், ஒரு மரத்தின் மறைவிலிருந்து ஆச்ரேக்கர் அதைப் பார்த்தார், சேர்த்துக்கொண்டார். இந்தச் சம்பவத்தைப் பிற்காலத்தில் சச்சினே பல முறை நினைவு கூர்ந்திருக்கிறார். ஒரு பயிற்சியாளரின் பார்வையே சிஷ்யனுக்குச் சுமையாகிவிடக்கூடும் என்பதை அறிந்து, தம் கௌரவத்தைச் சற்றும் பாராட்டாமல் மரத்தடியில் ஒதுங்கி நிற்க ஒருவர் சம்மதித்தாரே, அந்தப் பணிவைக் காட்டிலும் பெரிய தகுதி இந்தத் தொழிலுக்கு வேறு இல்லை.

அவர் கையாண்ட வேறொரு யுக்தியும் பிரசித்தமானது. நாள் முழுவதும் ஆடிக் களைத்த சச்சினை மாலையில் மறுபடியும் மட்டை பிடிக்கச் சொல்லி, நடு ஸ்டம்பின் உச்சியில் ஒரு ரூபாய் நாணயத்தை வைப்பார். சச்சினை எவன் ஆட்டமிழக்கச் செய்கிறானோ நாணயம் அவனுக்கு; கடைசிவரை ஆட்டமிழக்காமல் நின்றால் அது சச்சினுக்கு. அந்த நாணயத்துக்காக அத்தனை பந்து வீச்சாளர்களும் முனைந்து வீசுவார்கள். கால்கள் தள்ளாடும் வேளையில் மனத்தை மட்டும் தளரவிடாமல் நிற்கும் அப்பியாசம் அந்தச் சிறுவனுக்குக் கைவந்தது. அப்படிப் பெற்ற பதின்மூன்று நாணயங்களைத் தம் பொக்கிஷங்களில் ஒன்றாகக் கருதுவதாக, சர்வதேச ஆட்டங்களில் நூறு சதங்கள் அடித்த அந்த வீரர் கூறியிருக்கிறார். ஒரு ரூபாய் செலவில் இத்தனை பெரிய பாடத்தை நடத்த முடியுமானால், பயிற்சிக்கு வேண்டிய மூலதனம் பணமன்று என்பது விளங்கும்.

1990-இல் துரோணாச்சாரியார் விருதும் 2010-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்ற ஆச்ரேக்கர் 2019 ஜனவரியில் காலமானார். ரமேஷ் உத்தியோகத்தைத் துறந்தார். ஆச்ரேக்கர் வங்கி வேலை பார்த்தபடியே மைதானத்தில் நின்றார். இருவரும் அடைந்த நிறைவு ஒன்றாகவே இருக்க, நிறைவின் காரணம் மேஜையை விட்டு விலகியதில் இல்லை, இன்னொருவருடைய வளர்ச்சிக்குத் தம்மைப் பொறுப்பாளியாக்கிக்கொண்டதில்தான் இருக்கிறது என்ற முடிவுக்கு நாம் வரவேண்டியிருக்கிறது.

நடு வயதின் பசி

மனிதனுக்கு நடு வயதில் இந்த ஆசை ஏன் தோன்றுகிறது என்பதை மனோதத்துவ நிபுணர் எரிக் எரிக்சன் 1950-இல் வெளியிட்ட 'குழந்தைப் பருவமும் சமுதாயமும்' என்ற நூலில் விளக்கியிருக்கிறார். மனித வாழ்க்கையை எட்டுப் படிகளாகப் பகுத்த அவர், ஏழாவது படியாகிய நடு வயதில் மனிதன் தனக்குப் பின்வரும் தலைமுறையை உருவாக்குவதில் நாட்டம் கொள்கிறான் என்றும், அதற்கு வழியில்லாதபோது தேக்கமும் சலிப்பும் அவனைப் பற்றிக்கொள்கின்றன என்றும் கண்டார். பெற்ற குழந்தைகளை வளர்ப்பதோடு இந்த நாட்டம் தீர்ந்துவிடுவதில்லை; கற்ற வித்தையையும் பட்ட அனுபவத்தையும் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போகவேண்டும் என்ற தவிப்பும் அதில் சேர்ந்ததே. பதவி உயர்வும் சொந்த வீடும் கிடைத்த பிறகு நாற்பத்தைந்து வயதில் ஒருவருக்குக் காரணம் தெரியாமல் உண்டாகும் வெறுமையை இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் அதன் உருவம் சற்றுத் தெளிவாகத் தெரிகிறது.

வித்தை எதையும் கற்பிக்காமல், வெறும் துணையாக நிற்பதுகூட ஒரு குழந்தையின் வாழ்வை மாற்றிவிடும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் இருக்கிறது. 1904-இல் நியூயார்க் நகரத்துச் சிறுவர் நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் எர்னஸ்ட் கூல்ட்டர். தினந்தோறும் குற்றவாளிகளாக அழைத்துவரப்பட்ட சிறுவர்களின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதுவது அவர் உத்தியோகம். எழுதிக்கொண்டேயிருந்தவருக்கு, இந்தப் பையன்களுக்கு வேண்டியது தண்டனையன்று, அக்கறையுள்ள ஒரு பெரியவருடைய சிநேகிதமே என்ற எண்ணம் உதித்தது. அவர் தம் நகரத்துக் கனவான்களைக் கூட்டி, ஆளுக்கு ஒரு பையனுக்கு அண்ணனாக இருக்கும்படி வேண்டினார். 'பிக் பிரதர்ஸ்' என்ற இயக்கம் அப்படிப் பிறந்தது. ஒரு மேஜையிலிருந்தே கிளம்பிய இயக்கம் அது என்பது நம் விஷயத்துக்குப் பொருத்தமானது.

இந்த இயக்கத்தின் பலனை அளந்து 1995-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியாயிற்று. 10 முதல் 16 வயதுவரையுள்ள 959 பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, ஒரு பாதியினருக்கு உடனே வழிகாட்டிகளை அமர்த்தி, மறுபாதியினரைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்து, பதினெட்டு மாதங்களுக்குப் பின் இரு சாராரையும் ஒப்பிட்டார்கள். வழிகாட்டி பெற்ற பிள்ளைகள் போதைப் பொருளைத் தொடும் வாய்ப்பு மற்றவர்களைவிட 46 சதவிகிதம் குறைந்திருந்தது. பள்ளிக்கு மட்டம் போடுவது 52 சதவிகிதம் குறைந்திருந்தது. இத்தனைக்கும் அந்த வழிகாட்டிகள் விசேஷமான பாடத்திட்டம் எதையும் நடத்தவில்லை, மாதத்தில் மூன்று நான்கு முறை சந்தித்து, பேசி, விளையாடி, கூட நேரம் கழித்தார்கள், அவ்வளவுதான்.

ஆனால் இந்த ஆராய்ச்சிகளின் வரிசையில் எச்சரிக்கை ஒன்றும் இருக்கிறது. ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவுகள் பிள்ளைகளுக்கு மிகுந்த நன்மை செய்தன. மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன உறவுகளோ, தன்னைப் பற்றிப் பிள்ளை வைத்திருந்த மதிப்பையே குலைத்தன. ஏற்கெனவே பெரியவர்கள் பலரால் கைவிடப்பட்ட குழந்தைக்கு இன்னொரு பெரியவரும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டது, தன்னிடத்திலேயே ஏதோ குறை இருக்கிறது என்பதற்கு அத்தாட்சியாகிவிடுகிறது. ஆகவே, உற்சாகத்தில் நாலு வாரம் வந்துவிட்டு, காரியாலயத்தில் வேலை அதிகம் என்று ஐந்தாவது வாரம் நின்றுவிடக்கூடிய நிலையில் இருப்பவர், தொடங்காமலே இருப்பதுதான் அந்தக் குழந்தைக்கு அவர் செய்யும் உபகாரம். பிள்ளையைத் திருத்துவதே நோக்கமாக முதல் நாளிலிருந்து உபதேசத்தில் இறங்கியவர்களுடைய உறவுகள் சீக்கிரம் கசந்தன என்பதும், பிள்ளை என்ன விரும்புகிறது என்று காது கொடுத்துக் கேட்டவர்களே நிலைத்தார்கள் என்பதும் அந்த ஆராய்ச்சியாளர்கள் கண்ட வேறோர் உண்மை.

ஒரு மாலை வகுப்பில்

பயிற்சி என்பது அன்றாடத்தில் எப்படி நடக்கிறது என்பதற்குச் சென்னையில் எத்தனையோ மாடிகளில் நடக்கும் சதுரங்க வகுப்புகளில் ஒன்றைக் கற்பனை செய்து பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் தோற்ற பத்து வயதுப் பையன், தன் ஸ்கோர் ஷீட்டை நாலாக மடித்துக் கொண்டுவந்து ஆசிரியர் முன் நீட்டுகிறான். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பக்கத்தில், அப்போது கடிகாரத்தில் எத்தனை நிமிஷம் மிச்சமிருந்தது என்பதையும் எழுதிவைக்கும்படி ஆசிரியர் அவனைப் பழக்கியிருக்கிறார். பதினெட்டாவது நகர்த்தல் வந்ததும் பையன் முந்திக்கொண்டு சொல்கிறான்: "சார், இங்கே குதிரையைத் திருப்பியிருந்தால் ஜெயித்திருப்பேன். பார்க்காமல் விட்டுவிட்டேன்."

"எத்தனை நிமிஷம் யோசித்தாய்?"

பையன் தாளைப் பார்க்கிறான். அரை நிமிஷம்கூட இல்லை. அவன் முகம் மாறுகிறது.

"ஏன் அவ்வளவு அவசரம்?"

"எதிரே இருந்த அண்ணா ரேட்டிங்கில் பெரியவர், சார். அவர் வேகமாக ஆடினார். நானும்…"

இவ்வளவுதான் சம்பாஷணை. குதிரையை எங்கே வைத்திருக்க வேண்டும் என்பதை இக்காலத்தில் கைப்பேசியிலுள்ள ஒரு செயலி கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லிவிடும். எதிரியின் பெயருக்குப் பயந்து தன் நேரத்தைத் தானே பறிகொடுத்தான் என்பதை எந்தச் செயலியும் அவனுக்குச் சொல்லாது. சொன்னாலும் அவன் மனத்தில் தைக்காது. தன் கையெழுத்தில் தானே குறித்த எண்ணிலிருந்து அவனே அதைக் கண்டுபிடிக்கும்படி செய்தவர் ஆசிரியர். கணிப்புப் பயிற்சி நடக்கும் வேளையிலும் முறை இதுவே. கடினமான ஒரு நிலையைப் பலகையில் அமைத்து, காய்களைத் தொடாமல் மனத்துக்குள்ளேயே ஐந்தாறு நகர்த்தல்களைக் கண்டு விடை சொல்லும்படி விட்டுவிடுவார்கள். அறையில் இருபது நிமிஷம் ஒரு சத்தமும் இராது. விடை சரியாக இருந்து காரணம் தவறாக இருந்தால் அதற்கு மதிப்பில்லை. நல்ல பயிற்சியாளருக்கு அந்த இருபது நிமிஷத்தில் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் மிகக் கடினமான அப்பியாசம். ரமேஷ் தம் பயிற்சி அனுபவத்திலிருந்து சதுரங்கக் கணிப்பைப் பற்றி எழுதி 2022-இல் வெளியான ஆங்கில நூல் பல தேசத்து ஆட்டக்காரர்களின் கையில் இருக்கிறதென்றால், ஆசிரியர் நேரில் இல்லாதபோதும் மாணவன் தானே சிந்திக்க வேண்டும் என்ற தேவை எங்கும் பொதுவாக இருப்பதே அதற்குக் காரணம்.

இந்தக் கலையில் மறைந்திருக்கும் ஒரு விசித்திரத்தைக் காணவேண்டும். காரியாலயத்தில் தம்மை விட்டால் வேலை நடக்காது என்ற நிலையை உண்டாக்கிக்கொள்வதே சாமர்த்தியம் என்று கருதப்படுகிறது. பயிற்சியிலோ, தாம் இல்லாமலே மாணவன் நடந்துவிடக்கூடிய நிலையை உண்டாக்குவதுதான் சாமர்த்தியம். தாயின் கைவிரலைப் பற்றி நடக்கும் குழந்தை என்றைக்கு விரலை உதறிவிட்டு ஓடுகிறதோ, அன்றைக்குத் தாய்க்கு எத்தகைய மகிழ்ச்சியும் எத்தகைய சிறு வேதனையும் உண்டாகுமோ, அவ்விரண்டையும் ஏற்றுக்கொள்ள ஆசிரியரும் சித்தமாயிருக்க வேண்டும்.

இறங்குமுன் சில யோசனைகள்

ஜீவனத்தைப் பற்றி முதலில் பேசுவது நல்லது. பயிற்சியால் பெருவாரியாகச் சம்பாதிப்பவர்கள் சிலரே. மாணவர்கள் சேருவதும் நிற்பதும் பரீட்சைக் காலத்தையும் பெற்றோரின் மனநிலையையும் பொறுத்தவை. ஏப்ரல், மே மாதங்களில் நிரம்பி வழியும் வகுப்பு, பொதுத் தேர்வு நெருங்கும்போது காலியாகிவிடும். ஆகவே குடும்பப் பொறுப்புள்ளவர் மாலை வேளைகளிலும் விடுமுறை நாட்களிலும் தொடங்கி, தமக்கு இதில் நிலையான பிடிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்ட பிறகே உத்தியோகத்தைப் பற்றி யோசிப்பது உசிதம்.

ஒரு வித்தையை அறிந்திருப்பது வேறு, அதைக் கற்பிக்க அறிந்திருப்பது வேறு. இரண்டாவதற்கும் முறையான பயிற்சி உண்டு. 1961-இல் தொடங்கப்பட்டு பாட்டியாலாவில் இயங்கிவரும் நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனம் பயிற்சியாளர்களுக்கென்றே பட்டயப் படிப்பை நடத்துகிறது. சதுரங்கத்தில், உலக சதுரங்க சம்மேளனம் ஆரம்ப நிலைப் பயிற்றுநர் தொடங்கி மூத்த பயிற்சியாளர் வரை படிப்படியாகப் பட்டங்களை வழங்குகிறது. சிறு பிள்ளைகளுக்குத் தொடக்கப் பாடம் சொல்ல ஒருவர் கிராண்ட்மாஸ்டராக இருக்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் மனத்தை அறிந்தவராக இருக்கவேண்டும்.

விளையாட்டுதான் என்றும் இல்லை. 2021 அக்டோபரில் தமிழக அரசு விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிவைத்த 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில், கொரோனாக் காலத்தில் பள்ளி மூடிக்கிடந்ததால் எழுத்தும் எண்ணும் மறந்துபோன 1 முதல் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, மாலை வேளையில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை பாடம் சொல்ல லட்சக்கணக்கான தன்னார்வலர்கள் முன்வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. வகுப்பறை பெரும்பாலும் வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், மரத்தடி. பட்டம் படித்துவிட்டு வீட்டிலிருந்த எத்தனையோ பெண்களைத் தெருப் பிள்ளைகள் 'டீச்சர்' என்று அழைக்கத் தொடங்கியது அப்போதுதான்.

பிள்ளைகளோடு பழகும் எவரும் மனத்தில் இருத்த வேண்டிய விஷயங்கள் இரண்டு உண்டு. அவர்களுடைய பாதுகாப்பு முதலாவது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் எதைக் குற்றமென்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு, பெற்றோர் எந்த நேரமும் உள்ளே வந்து பார்க்கக்கூடிய திறந்த இடத்திலேயே வகுப்பை நடத்துவது பிள்ளைக்கும் காப்பு, ஆசிரியருக்கும் காப்பு. இரண்டாவது, தம் நிறைவேறாத ஆசைகளைப் பிள்ளையின் தலையில் ஏற்றாதிருப்பது. தாம் மாவட்ட அணிக்குத் தேர்வாகாத ஏக்கத்தை ஒரு சிறுவனைக் கொண்டு தீர்த்துக்கொள்ள நினைப்பவர், அவனுடைய தோல்வியைத் தம் தோல்வியாகவே கொண்டு அவன்மேல் சீறுவார். அவனுடைய வெற்றியையும் அவனிடமிருந்து பறித்துத் தம் பெயரில் எழுதிக்கொள்வார். காரியாலய வேலை கசந்துவிட்டது என்பதற்காக மட்டும் இதில் இறங்குகிறவர்களுக்கும் இந்த அபாயம் உண்டு. அவர்கள் தம் சலிப்புக்கு மருந்தாகப் பிள்ளைகளை உபயோகிக்கிறார்களே தவிர, பிள்ளைகளுக்கு உபயோகமாவதில்லை.

ஆகையால், இந்த மார்க்கத்தில் மனம் செல்லும் ஒருவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய முதற்கேள்வி, வேலையை விடுவதா வேண்டாமா என்பதன்று. அண்டை வீட்டிலோ அருகிலுள்ள அரசாங்கப் பள்ளியிலோ, தமக்குத் தெரிந்த கணக்கையோ ஆங்கிலத்தையோ வீணையையோ பந்தாட்டத்தையோ கற்க விரும்பும் ஒரே ஒரு பிள்ளைக்கு, ஓராண்டுக் காலம் வாரந்தோறும் குறித்த நாளில் குறித்த நேரத்தில் போய் நிற்கத் தம்மால் முடியுமா என்பதுதான். தலைமையாசிரியரிடமோ பெற்றோரிடமோ அந்த ஓராண்டைச் சொல்லி வாக்குக் கொடுத்துவிட்டுத் தொடங்கட்டும். ஆண்டு முடிவில் அந்தப் பிள்ளையின் முன்னேற்றத்தைக் கண்டு, அதில் தம் பங்கு இவ்வளவு என்று எவரும் சொல்லாவிட்டாலும் மனம் நிறைந்திருக்குமானால், அவர் இந்தத் தொழிலுக்கு உரியவர். பிறகு உத்தியோகத்தில் நீடிப்பதும் விலகுவதும் குடும்பத்தின் வரவு செலவைப் பார்த்துத் தீர்மானிக்கவேண்டிய சாதாரண விஷயமாகிவிடும்.